ஒரு கிரெடிட் கன்னடம்

செப்டம்பர் 2023. மாண்டியா மாவட்டத்தில் காவிரிப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். மைசூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்தத் திருவாரூர்ப் பையன், விடுதியில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான். சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் மேல்கோட்டை. கிளம்பும்போது அம்மா போனில் ஒன்றுதான் சொன்னாள்: "பஸ்ஸில் தமிழில் பேசாதே."

அவனுக்குக் கொஞ்சம் கன்னடம் தெரியும். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கன்னடம் அறியாத மாணவர்கள் 'பளகெ கன்னட', அதாவது புழக்கக் கன்னடம், படித்தாக வேண்டும். ஒரே ஒரு கிரெடிட். கணக்குப் பாடம் உயிரை வாங்கும்போது இது எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே, பரீட்சைக்கு முந்தைய இரவு உரையாடல்களை மனப்பாடம் செய்து தேறியிருந்தான்.

எஞ்சினியரிங் கல்லூரிகளில் தொழில்நுட்பம் சாராத பாடங்களின் கதி பெரும்பாலும் இதுதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 160 கிரெடிட். மொழி, சமூக அறிவியல், நிர்வாகவியல் எல்லாம் சேர்த்து 12. சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் தத்துவமும் பொருளாதாரமும் இலக்கியமும் விருப்பப் பாடங்களாக உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரண்டு பாடங்களை முதலாண்டில் சேர்த்தது. பெயர் எதுவானாலும் மாணவர்கள் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: சுலபமாக மார்க் வருமா?

மேல்கோட்டையில் வெயில் ஏறியதும் தாகம் எடுத்தது. திறந்திருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மனப்பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தைப் பொறுக்கினான்: "அஜ்ஜி, குடியோக்கெ நீரு சிகுத்தா?"

பாட்டி ஏற இறங்கப் பார்த்தாள். "ஜலமா? ஸ்வல்ப இரு, கொண்டு வரேன். எந்த ஊரு நோக்கு?"

அவன் திகைத்துப்போனான். இது 12ஆம் நூற்றாண்டில் ராமானுஜர் வந்து தங்கிய ஊர், வைணவர்களுக்குத் திருநாராயணபுரம். இங்குள்ள ஐயங்கார் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு இன்றும் தமிழ்தான், கன்னடம் கலந்த தமிழ். திண்ணையில் கிடந்த திவ்யப் பிரபந்தம் கன்னட எழுத்தில் அச்சானது. பாட்டிக்குப் பாசுரம் நாக்கு நுனியில். தமிழ் எழுத்துதான் தெரியாது. பஸ்ஸில் ஒளித்துக்கொண்டு வந்த மொழி இங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

கல்யாணிக் குளத்தின் படிகளில் இன்னொருவர் பேச்சுக் கொடுத்தார். மத்தூர்ப் பக்கத்து விவசாயி, கோயிலுக்கு வந்தவர். எந்த ஊர் என்று கேட்டார். ஒரு கணம் தயங்கி, "திருவாரூர்" என்றான். அப்பாவுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு, நெல்லுக்குக் கன்னடம் தெரியாமல் "அக்கி" என்றான். அவர் சிரித்துவிட்டார். அக்கி என்றால் அரிசி. நெல்லுக்குப் 'பத்த'. அவரும் பத்த போடுகிறவர்தான். 'கன்னம்பாடி கட்டெ'யில் தண்ணீர் நூறு அடிக்கும் கீழே இறங்கிவிட்டது, கால்வாயில் எப்போது விடுவார்களோ என்றார். அவர் சொன்னது கிருஷ்ணராஜ சாகரை.

கிருஷ்ணராஜ சாகரின் முழு உயரம் 124.8 அடி. மாண்டியாவில் அது தெரியாத விவசாயி இருக்க முடியாது. மேட்டூரின் 120 அடி தெரியாத டெல்டாக்காரனும் அப்படித்தான். பையனின் அப்பா, ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்ததை நம்பிக் குறுவை போட்டு, காயும் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணை நிரம்பாத ஆண்டில் இருவர் பார்ப்பதும் ஒரே வானத்தை.

அணையின் அழுத்தத்தையும் கால்வாயின் ஓட்டத்தையும் கணக்கிட எஞ்சினியரிங் கற்றுத்தருகிறது. 1924இல் சென்னையும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018இல் உச்ச நீதிமன்றம் அளந்த கதை ஆகியவற்றை எந்த வகுப்பில் படிப்பது? நாளை மதகருகே நிற்கப்போகும் எஞ்சினியர் அங்கே சூத்திரத்தை மட்டும் சந்திக்கப்போவதில்லை, மனிதர்களையும் சந்திக்கப்போகிறார். அவர்கள் பேசுவது புரியாவிட்டால் அளவுகோல் காட்டும் எண்ணும் பாதிதான் புரியும்.

தன் மரபைப் படிப்பது நல்லதுதான். அதோடு, அண்டை மாநிலத்தின் மொழியும் வரலாறும் விருப்பப் பாடமாக அமையலாம்: தமிழ்நாட்டில் கன்னடம், கர்நாடகத்தில் தமிழ். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகாமல் இருக்க, ஊருக்குள் போய்ப் பேசிவிட்டு வருவதும் பாடத்தில் சேர வேண்டும்.

அன்றிரவு அப்பா வழக்கம்போலக் கேட்டார்: "அங்கே அணையில எவ்வளவு தண்ணி இருக்காம்?" மகன் எண்ணைச் சொல்லிவிட்டு, மத்தூர்க்காரரைப் பற்றியும் சொன்னான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"அவருக்கு எத்தனை மா நிலம்?" என்றார் அப்பா.

அவன் கேட்டிருக்கவில்லை. அதைக் கேட்கும் அளவுக்கு அவனுக்குக் கன்னடம் வராது.