செருப்புப் பசையும் விசைப்படகும்

ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி மாணவர் பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, என் பக்கத்து பெஞ்சில் மூன்று பேர் காதல் கவிதைக்கும், ஒருவன் அன்னையைப் பற்றிய கவிதைக்கும் பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆகவே பசையைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! நாலு வருடமாக எங்கள் வீட்டில் சண்டைக்குக் காரணமாக இருந்த விஷயம் இது.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். பெரியப்பாவுக்கு ஒரு விசைப்படகு உண்டு. அப்பாதான் அதற்கு டிரைவர். (படகை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் டிரைவர் என்றுதான் சொல்வோம்.) மரப்படகு, மேலே ஃபைபர் போர்த்தியது. மேலே இருக்கும் வீல்ஹவுஸ் மட்டும் முழுக்க ஃபைபர். ஃபைபரை உள்பக்கம் சும்மா விட்டால் பகலில் கூரை அடுப்பாகக் காயும், விடியற்காலையில் வேர்த்துச் சொட்டும், சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு முதுகில் ஏறும். அதனால் பஸ் சீட்டுக்குப் போடுகிற மாதிரி ரெக்சினை உள்ளே ஒட்டிவிடுவார்கள். பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

ஒட்டுவது சுலபம். ஒட்டியது நிற்பதுதான் பாடு. வருடா வருடம் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும்போது, குஷன் கடை அண்ணன் வந்து ஒட்டிவிட்டுப் போவார். தீபாவளி தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு மூலை தொங்கும். பெரியப்பா பசையைத் திட்டுவார். அடுத்த வருடம் வேறு டப்பா. மறுபடியும் தொங்கும்.

2025 பிப்ரவரியில் நடந்ததுதான் என்னை இதில் இழுத்துவிட்டது. கோடியக்கரைக்குக் கிழக்கே ராத்திரி இரண்டு மணிக்கு மேல் இருக்கும். அப்பா ஸ்டியரிங்கில். கூரை ரெக்சின் ஒரேயடியாக விட்டு, முன் கண்ணாடியை மறைத்துக்கொண்டு அவர் தலைமேல் விழுந்திருக்கிறது. எதிரே இன்னொரு படகின் விளக்கு. ஒரு கையால் ரெக்சினை வாரிப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருப்பியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சித்தப்பா போனில் சொன்னார்.

அந்த ஞாயிறு ஊருக்குப் போய், கிழிந்து கிடந்த ரெக்சினை ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தேன். நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட் முறிந்தால் சார் முதலில் என்ன சொல்வார்? "முறிஞ்ச முகத்தைப் பாருடா." அதே வேலைதான். பசை சுவரில் தங்கியதா, ரெக்சினில் தங்கியதா, இரண்டிலும் தங்கியதா? அதைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடுகிறது.

பக்கச் சுவரில் இருந்து வந்த துண்டின் பின்பக்கம் பசை முழுசாக இருந்தது. பசைக்கு மேல் மெல்லிய நீலத் தோல் ஒன்று. அது என்ன? சுவரில் அடித்திருந்த எனாமல் பெயிண்ட்! பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பெயிண்ட்டை. பெயிண்ட்தான் ஃபைபரைப் பிடிக்கவில்லை. பசையில் இருக்கும் கரைப்பான் வேறு பெயிண்ட்டை ஊறவைத்துக் கிளப்பிவிடும். இதற்குப் பசையைத் திட்டி என்ன பயன்?

ஜன்னலுக்குக் கீழே ஒட்டியது ஃபோம் வைத்த ரெக்சின். அங்கே சுவரிலும் ஃபோம், ரெக்சினிலும் ஃபோம். நடுவில் ஃபோமே பொடிந்து போயிருந்தது. மழையும் கடல் தண்ணீரும் ஜன்னல் வழியாக இறங்கி ஊறிய இடம் அது. அங்கும் பசை குற்றவாளி இல்லை.

கூரைதான் விசித்திரம். அங்கே ஃபோம் கிடையாது, வெறும் துணி முதுகு ரெக்சின். பெயிண்ட்டும் கிடையாது. கூரையிலும் பசை, ரெக்சினிலும் பசை. தொட்டால் மென்று துப்பிய பபிள்கம் மாதிரி இழுத்தது. ஒட்டியபோது அது ரப்பர் பசைதான், குஷன் கடைகளில் எல்லோரும் போடுவது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கரைத்துச் செய்வது. அந்த ரப்பர் 1930-ல் அமெரிக்காவில் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நல்ல பசைதான். பின்னே ஏன் இப்படி இளகியது?

விடுதியில் இந்தத் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் அறை நண்பன் முகர்ந்து பார்த்துவிட்டு, "டேய், பி.வி.சி.யை ரப்பர் சொல்யூஷன்ல ஒட்டினீங்களா?" என்றான். அவன் ஆம்பூர்க்காரன். அவன் அப்பா அங்கே ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர். பி.வி.சி. அடிப்பாகத்தை அவர்கள் இந்தப் பசையில் ஒட்டுவதே இல்லையாம். அதற்குப் பாலியூரித்தேன் பசை, கூடவே கொஞ்சம் ஹார்டனர்.

காரணம் இதுதான். ரெக்சின் என்பது இப்போது பி.வி.சி. பூசிய துணி. (அந்தக் காலத்து ரெக்சின் வேறு. இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஒரு கம்பெனி, பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்தது. சரக்கு மாறிவிட்டது, பெயர் நின்றுவிட்டது.) பி.வி.சி. தன் இயல்பில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது. அதைத் துணி போல மடங்கவைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பதற்குள் மெல்ல மெல்ல ஊர்ந்து போகும். உங்கள் டிராயிங் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் ரப்பரைப் பல மாதம் ஸ்கேல்மேல் கிடக்கவிட்டால் ஸ்கேல் இளகிப் பள்ளம் விழுந்திருக்கும் அல்லவா? அதே கதை. ரெக்சினின் எண்ணெய் நியோப்ரீன் பசைக்குள் இறங்கி அதை இளக்கிவிடுகிறது. நடுவில் துணி இருந்தால் தாமதமாகும், நிற்காது. கூரையின் வெயில் சூடும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்! பாலியூரித்தேன் இந்த எண்ணெய்க்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

இதைப் போனில் சொன்னதும் அப்பா, "என்னடா, செருப்புப் பசையக் கொண்டாந்து போட்டுக்கு ஒட்டச் சொல்றே?" என்று கேட்டார். பெரியப்பா நேரடியாகவே சொல்லிவிட்டார்: "படிக்கிற புள்ள சொல்லுதுன்னு காசக் கொட்டிட்டு, அதுவும் தொங்கிச்சின்னா ஊரே சிரிக்கும்டா தம்பி." எங்கள் குடும்பத்தில் படிக்கப் போனவன் நான்தான் முதல். பசை விட்டால் எனக்கு மட்டும் கெட்ட பேர் இல்லை, படிப்புக்கே கெட்ட பேர். அடுத்து தங்கை பிளஸ் டூ முடிக்கிறாள்.

ஆகவே விடுதி மொட்டை மாடியில் சோதனை வைத்தேன். படகு கட்டும் வாடியில் மிஞ்சிய ஃபைபர் துண்டுகள், ஒரு அங்குல அகலத்தில் வெட்டிய ரெக்சின் பட்டைகள். ஆளாளுக்குச் சொன்ன பசை எல்லாவற்றையும் போட்டேன். ஒட்டியதும் இழுத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. புதிதில் எல்லாப் பசையும் சூரன்தான். ஒரு மாதம் வெயிலில் கிடக்கவிட்டு, பிறகு பட்டையின் நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன், உச்சி வெயிலில்.

தச்சு வேலைக்குப் போடும் வெள்ளைப் பசை அதுவரைக்கும்கூட வரவில்லை. ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறியதும் பால் மாதிரி கரைந்து விட்டுவிட்டது. வாடி மேஸ்திரி சொன்ன ஃபைபர் ரெசின் கல்லாக இறுகியது. ரெக்சின் வளைகிற இடத்தில் படக்கென்று பிளந்தது. சிலிக்கான் ஓரளவு தேவலை. ஆனால் அதை ஒருமுறை தடவிய இடத்தில் அப்புறம் பெயிண்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. அது வேண்டவே வேண்டாம். ரப்பர் பசைப் பட்டை முதலில் கெட்டியாக நின்றது, வெயில் ஏற ஏற மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நழுவி, மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது பாட்டில் தரையில் கிடந்தது. பாலியூரித்தேன் பட்டை சாயங்காலம் நான் அவிழ்க்கும் வரை தொங்கியது. வார்டன் பாட்டில்களைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார், சொன்னேன், அவரும் ஒரு பட்டையை இழுத்துப் பார்த்தார்.

அந்த இரண்டு பட்டைகளையும் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பேச்சே இல்லை. மறுநாள் பெரியப்பா, "அந்தப் பசை எங்க கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

மே மாதம் தேர்வு முடிந்து போனேன். வேலையில் முக்கால் பங்கு சுரண்டுவதுதான். பழைய பசை, பெயிண்ட் எல்லாவற்றையும் பட்டித் தகட்டால் வழித்து, 80-ஆம் நம்பர் எமரியால் ஃபைபர் வெள்ளை வரும் வரை தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்தோம். குஷன் கடை அண்ணனையே கூப்பிட்டிருந்தோம். அவரை விட்டுவிட்டுச் செய்வது முறை இல்லை. கைவேலையில் அவரிடம் நான் கற்றது அதிகம். இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரத்திலேயே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கிக் கொப்புளம் போடும். நடுவில் செய்தித்தாளைப் பரப்பிக்கொண்டு, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்த வேண்டும். விடியற்காலையில் ஆரம்பிக்கலாம் என்று அப்பா சொன்னார். நான் பத்து மணி ஆகட்டும் என்றேன். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, கடற்கரை ஈரக்காற்று அதில் பனியாகப் படியும், படிந்தால் ஒட்டாது. அண்ணன் தலையாட்டினார். "ஆமா தம்பி, மழ நாள்ல ஒட்டுனது எப்பவும் நிக்காது. ஏன்னுதான் தெரியாது."

ஒரு விஷயத்தில் அப்பா யாரையும் நம்பவில்லை. பீடி, தீப்பெட்டி எல்லாம் கரையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார், பேட்டரி இணைப்பைக் கழற்றினார், கீழே எஞ்சின் அறை மூடியையும் திறந்துவைத்தார். அது மிகச் சரி. இந்தப் பசைகளில் இருக்கும் டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாது, கீழே எஞ்சின் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். 4 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி வரும் சரக்கு, நாகை மே மாதத்தில் எப்படி இருக்கும்? ஹார்டனரும் லேசுப்பட்டது இல்லை. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ஜன்னல் திறக்காமல் கலக்கக்கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கி வெளியே நின்றோம்.

பக்கச் சுவருக்குச் செருப்புப் பசை வாங்கவில்லை. பெயிண்ட்டைச் சுரண்டிய பிறகு, ஃபோம் ரெக்சினுக்கு வழக்கமான ரப்பர் பசையே போதும் என்பது என் கணக்கு. ரெக்சினின் எண்ணெய்க்கும் பசைக்கும் நடுவே ஃபோம் இருக்கிறது, அங்கே தொங்கும் பாரமும் இல்லை, காசும் மிச்சம். ஜன்னலுக்குக் கீழே ரெக்சினே வேண்டாம், பெயிண்ட் போதும் என்றேன். பெரியப்பாவுக்கு மனசில்லை, அழகு போய்விடும் என்றார், பிறகு விட்டுவிட்டார். கூரைக்கு மட்டும் பாலியூரித்தேன். எல்லாம் முடிந்தபின் மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பச இருக்கட்டும், நாலு ரீப்பர் அடிச்சுருவோம்" என்று குறுக்கே அலுமினியப் பட்டை வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ முடுக்கினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், என் பசையை நம்பவில்லையே என்று. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அதன் கீழே நிற்கப்போவது அப்பா. ரீப்பர் இருக்கட்டும்.

ஜூன் 15-ஆம் தேதி படகு இறங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் தாண்டிவிட்டது. சுவரில் கதவோரம் ஒரு விரல் அகலம் விட்டிருக்கிறது என்று அப்பா போன வாரம் போனில் சொன்னார். அங்கே ரெயின்கோட் மாட்டும் ஆணி அடித்திருக்கிறார்களாம். கூரை அப்படியே இருக்கிறது. விடுதி மாடியில் இரண்டாவது செட் பட்டைகள் இன்னும் வெயிலில் கிடக்கின்றன. இந்த முறை அதில் ஃபோம் ரெக்சினும் உண்டு. துணி காயப்போடப் போகிறவர்கள் தயவுசெய்து அதன்மேல் பக்கெட்டை வைக்க வேண்டாம்.