கம்பைலர் கண்ணில் படாதவை

வாழைத்தார் மண்டிக்காக ஜாவாவில் எழுதிய ரசீது நிரலுக்குள், சொற்கள் மட்டுமே இருக்கும் ஒரு கோப்பு உண்டு. தார், கழிவு, ஏற்றுக்கூலி, கமிஷன், பாக்கி. அதில் எந்தக் கணக்கும் நடப்பதில்லை. ஆனால் சின்னமனூர் விவசாயி ரசீதை வாங்கியதும் படித்துப் பார்ப்பது அந்தச் சொற்களைத்தான்.

அந்தக் கோப்பை நிரலுக்குப் பக்கத்திலேயே வைப்பது எழுதுகிறவருக்கு வசதி. பில்ட் கருவிகள் அதை ஒரே மாதிரி நடத்துவதில்லை. எக்லிப்ஸ் தன் போக்கில் கட்டும்போது, ஜாவா அல்லாத கோப்புகளையும் வகுப்புகளோடு சேர்த்து வெளியீட்டுக் கோப்புறையில் போட்டுவிடும். மேவன் அப்படிச் செய்யாது. ‘ஜாவா’ கோப்புறையில் ஜாவா மட்டும்; மற்றவை ‘ரிசோர்சஸ்’ கோப்புறையில் இருந்தால்தான் கூட வரும். கிரேடிலின் வழக்கமும் இதுவே. ஆன்ட்டில் கம்பைல் செய்யச் சொன்னது போதாது. நகலெடுக்கத் தனியாகக் கட்டளை எழுத வேண்டும்.

தமிழ்க் கோப்பு விட்டுப்போனாலும் நிரல் நிற்பதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மொழிக் கோப்புகளை எடுத்துத் தரும் ஜாவாவின் ரிசோர்ஸ்பண்டில் முதலில் தமிழைத் தேடும். கிடைக்காவிட்டால் கணினியின் இயல்பு மொழி, அதுவும் இல்லையென்றால் அடிப்படைக் கோப்பு. அடிப்படைக் கோப்பு பெரும்பாலும் ஆங்கிலம். பிழை என்று ஒரு வரிகூட வராது. தொகை சரியாக இருக்கும், தமிழ் மட்டும் இருக்காது. 2017இல் ஜாவா 9 வரும்வரை இந்தக் கோப்புகள் ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கத்தில்தான் வாசிக்கப்பட்டன. ‘தார்’ என்பதைக்கூட யூனிகோடு எண்களின் வரிசையாக எழுத வேண்டியிருந்தது. இப்போது யூடிஎஃப்-8 என்பதால் தமிழைத் தமிழாகவே எழுதலாம்.

கணக்கில் சேராத இந்தச் சொற்களை யோசிக்கும்போதெல்லாம் மனம் எங்கள் ஊரான சின்னமனூரின் பெயரைத் தாங்கிய செப்பேடுகளுக்குப் போய்விடுகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பெரியது, சிறியது என இரண்டும் பதிப்பிக்கப்பட்டுள்ளன. பெரியது, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இரண்டாம் இராசசிம்மனுடையது. ஓர் ஊரை மந்தரகௌரவமங்கலம் என்ற பெயரில் தானமாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. யார் கொடுத்தார், யாருக்கு, எல்லை எதுவரை என்பது தெரிந்தால் தானம் செல்லும். ஆனால் ஏடு அதோடு நிற்கவில்லை. கிரந்த எழுத்தில் வடமொழியாகவும் வட்டெழுத்தில் தமிழாகவும் பாண்டியர் மரபின் கதை ஓடுகிறது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் முன்னோர் செய்த பெருங்காரியங்களாகத் தமிழ்ப் பகுதி சொல்கிறது.

எல்லை அளப்பவருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. தானத்துக்குத் தேவையானது மட்டும் போதுமென்று செம்பில் வெட்டியிருந்தால் அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றோ அந்தத் தானம் காலாவதியாகிவிட்டது. சங்கத்தைப் பற்றிப் பேசுகிற ஆய்வாளர்கள் சின்னமனூர் ஏட்டைத் தேடி வருவது அந்த உபரி வரிகளுக்காக. ஆணையின் ஆயுளைவிட அதனோடு கூடவந்த சொற்களின் ஆயுள் நீண்டுவிட்டது.

ஆகவே மேவனின் கறாரை நான் விரும்புகிறேன். நிரல் அல்லாதவற்றுக்கும் தனி இடமும் பெயரும் உண்டு என்று அது சொல்கிறது. எதைக் கூட அனுப்புகிறோம் என்று எழுதுகிறவரை யோசிக்க வைக்கிறது. அதற்கு மேல் ஒரு சோதனையும் வேண்டும். தமிழைக் கேட்டபோது கிடைத்த கோப்பின் மொழி தமிழ்தானா என்று அது பார்க்கட்டும். இல்லையென்றால் பில்ட் தோற்க வேண்டும். கணக்குத் தவறினால் நிறுத்துகிற நாம், மொழி தவறினாலும் நிறுத்தத்தான் வேண்டும்.