அப்புறம் வாங்க

நீண்ட பயணத்தில் முதல் பத்து நாள்தான் நாம் பயணி. அதற்குப் பிறகு துணி அழுக்காகும், செருப்பு அறுந்துபோகும், நகவெட்டி தேவைப்படும். வேலை நிமித்தம் நான்கு மாதம் ஸ்டுட்கார்ட்டில் இருந்தேன். பார்த்த அருங்காட்சியகங்கள் பாதி மறந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்று தெரியாமல் பால் வாங்கக் கிளம்பி, ஒவ்வொரு தெருவாக நடந்தது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

இப்போது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரில் ஓர் அறை, ஒரு லேப்டாப், சிக்னல் வரும் ஒரே ஒரு ஜன்னல். வந்து ஆறு வாரமாகிறது. பீமன் அருவியும் காவலூர் தொலைநோக்கியும் முதல் வாரமே முடிந்துவிட்டன. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு விடுப்பு நாளில், சேர்ந்துபோன சில்லறை வேலைகளை முடிக்கக் கிளம்பினேன். நான்கே நான்கு: செருப்புத் தைக்கணும், பேன்ட்டுக்கு ஜிப் மாற்றணும், சாமை அரிசி இரண்டு கிலோ வாங்கணும், கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பணும். பெங்களூரில் என்றால் ஒரு மணி நேரம் அதிகம்.

டெய்லர் பேன்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த சைஸ் ஜிப்பு இல்லீங்க. போளூர்லேர்ந்து வரணும். அப்புறம் வாங்க." செருப்புத் தைப்பவர் இடத்தில் குடை மட்டும் இருந்தது. பக்கத்தில் சீதாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "சாப்டப் போயிருக்காரு, அப்புறம் வாங்க" என்றார். சாமைக்குப் போனால் மிஷினில் கரண்ட் இல்லை. சாமை ரொம்பச் சின்ன மணி, உமி லேசில் விடாது. மிஷின் வருவதற்கு முன்னால் உரலில் குத்தி, முறத்தில் புடைத்துத்தான் அரிசியாக்கினார்கள். பெரும்பாலும் அது பெண்கள் வேலை. அங்கேயும் அப்புறம்தான்.

ஒரு வேலை நின்றால் காத்திருக்காதே, அடுத்ததை ஓட்டு என்பது என் தொழிலின் பாலபாடம். இங்கே எல்லாம் சேர்ந்து நின்றுவிட்டன. டீ குடித்தேன். ஒரு நாய் தூங்குவதைக் கால்மணி நேரம் பார்த்தேன். எந்த அவசரமும் இல்லாதவனுக்கு 'அப்புறம் வாங்க' என்பதுபோல இனிமையான வாக்கியம் கிடையாது. யாரோ நமக்கு அரை நாளைச் சும்மா தூக்கிக் கொடுப்பதுபோல இருக்கிறது.

நாலாவது வேலைக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கேயே கைரேகை வைத்துப் பணமும் எடுக்கலாம். எனக்கு முன்னால் ஓர் ஆயா, அறுபத்தைந்து எழுபது வயது இருக்கும். முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய் எடுக்க வந்திருந்தார். கட்டைவிரலை வைத்தார். விழவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தார். பையன் எட்டி அவர் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தான். திரையில் அதே செய்தி: மீண்டும் முயற்சிக்கவும்.

கைரேகைப் பொருத்தம் எப்படி நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். பெரும்பாலான கருவிகள் படத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை. கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளை எடுத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். தேர்ச்சி மதிப்பெண்ணை இறக்கினால் வேறொருவர் உள்ளே வந்துவிடலாம். ஏற்றினால் உரியவரே வெளியே நிற்கலாம். எந்தக் கருவியும் இதிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது. வருஷக்கணக்காக மண்வெட்டியும் உலக்கையும் பிடித்த விரலில் கோடுகள் தேய்ந்திருக்கும். உழைப்பு அதிகமாக அதிகமாக, அடையாளம் குறைகிறது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று, மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் தெம்பலி என்ற பழங்குடி கிராமத்தில்தான் கொடுக்கப்பட்டது. இந்த விரல்களை மனதில் வைத்துத்தான் அமைப்பு தொடங்கியது. எந்த விரல் நன்றாகப் பதிகிறது என்று கண்டுபிடிக்கும் முறைகூட அதில் உண்டு. ஆனால் கடைசியில் திரை சொல்வது இரண்டே சொற்கள்.

"நாளைக்கு வா ஆயா, விழுதான்னு பாக்கலாம்" என்றான் பையன், கனிவாகத்தான்.

"நாளைக்கு வரணும்னா இன்னொரு நாளு வேணுமே நைனா" என்றார் அவர்.

அவர் ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கே ஒரு மணி நேரம் நடை. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒன்று. வந்தால் அன்றைய கூலி போச்சு. காலையிலிருந்து எனக்கு மூன்று முறை பரிசாகக் கிடைத்த அதே வாக்கியம், அவர் கையிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டது. மென்பொருளில் மறுமுயற்சி என்பது மலிவான சமாச்சாரம். சில மில்லி விநாடி காத்திருந்து மறுபடி தட்டும். கணக்கில் அதற்குச் செலவு பூஜ்யம். பஸ் கட்டணமும் கூலியும் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் வராது.

காவலூரைப் பற்றி யோசித்தேன். நகர வெளிச்சத்துக்கு எட்டாத இருட்டு வேண்டும், தெற்கு வானமும் தெரிய வேண்டும் என்றுதான் வைணு பாப்பு 1960களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கு இந்தத் தூரம் வரம். என்னைப் போல ஓய்வெடுக்க வருபவனுக்கும் வரம்தான், அதற்காகத்தானே அறை வாடகை கொடுக்கிறோம். இங்கேயே பிறந்தவர்கள் ஒவ்வொரு ஜிப்புக்கும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் இந்தத் தூரத்துக்கு விலை கொடுக்கிறார்கள். சோம்பலான நாள் என்பது வேலை இல்லாத நாள் இல்லை, வேலை முடியாவிட்டாலும் ஒன்றும் ஆகாத நாள் என்று அப்போது தோன்றியது.

பையன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னான். பின்னால் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. எட்டாவது, இடது மோதிரவிரல், விழுந்தது. ஆயா நோட்டுகளை இரண்டு முறை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார். பையன் ஒரு துண்டுக் காகிதத்தில் 'இடது மோதிர விரல்' என்று பெரிய எழுத்தில் எழ்திக் கொடுத்தான்.

"படிக்கத் தெரியாதேப்பா."

"உனக்கில்ல ஆயா. அடுத்த மாசம் இங்க யார் ஒக்காந்திருந்தாலும் அவன்கிட்ட குடு."