ஹஜ்ஜுக்கு முன் நடந்து பழகுவோம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் வளாஞ்சேரிக்கு அருகிலுள்ள ஆதவநாட்டிலிருந்து ஷிஹாப் சோட்டூர் என்ற இளைஞர் 2022 ஜூன் 2 அன்று மக்காவை நோக்கி நடக்கத் தொடங்கினார். 8,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணமாக அதை அவர் திட்டமிட்டிருந்தார். வாகா எல்லையை நெருங்கிய பின் பாகிஸ்தான் விசாவுக்காகப் பஞ்சாபில் பல மாதங்கள் காத்திருந்தார். இறுதியில் 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜை நிறைவேற்றினார். அந்தக் காணொளிகள் நம் வீட்டுக் கைப்பேசிகளில் எத்தனை முறை ஓடின என்பதற்குக் கணக்கில்லை. நடையில் தளராத கால்கள் ஒரு தாளுக்காக மாதக்கணக்கில் நின்றன என்ற செய்தி மட்டும் நம்மில் பலருடைய மனத்தில் பதியவில்லை.

மறைமலை நகரில் வாழும் எங்களுக்கு இவ்வாண்டு குலுக்கலில் ஹஜ் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கணவன் மனைவி ஆகிய நாங்கள் இருவரும், எழுபது வயதைத் தாண்டிய எங்கள் அம்மாவும் செல்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு; வலது முழங்கால் மாடிப்படி ஏற இடம் கொடுப்பதில்லை. சக்கர நாற்காலி பற்றி நாங்கள் பேச்செடுத்த அன்று அம்மா சொன்ன பதில் இது: "அந்தப் புள்ள கேரளாவுலேர்ந்து நடந்து போச்சு. என்னைய நாலு எட்டு நடக்க வைக்க அல்லாஹ்வால முடியாதா?"

இந்தக் கேள்விக்கு 'முடியாது' என்று எந்த முஸ்லிம் பதில் சொல்வான்? ஆனால் 'முடியும்' என்று சொல்லிவிட்டு எந்த ஆயத்தமும் செய்யாமல் விமானம் ஏறுவதும் சரியாகப் படவில்லை. தவக்குல் எங்கே தொடங்குகிறது, ஆயத்தம் எங்கே முடிகிறது என்று நாங்கள் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

யமன் தேசத்தார் பயண உணவு எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். 'நாங்கள் அல்லாஹ்வை நம்பியவர்கள்' என்று சொல்வார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இதையொட்டித்தான் பயணத்துக்குரிய பொருள்களைத் தயார் செய்துகொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் வசனம் அருளப்பட்டதென்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார். தயார்ப் பொருள்களில் மேலானது இறையச்சம் என்று அதே வசனம் உணர்த்துகிறது. இறையச்சத்தை நாம் எடுத்துச் சொல்கிறோம். அதற்கு முன் வரும் கட்டளையைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தையும் இந்தக் கண்ணோடு மீண்டும் படித்தோம். அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்கள் இலைதழை போட்டு வளர்த்து வைத்திருந்தார்கள். பாலைவனப் பாதை அறிந்த ஒருவர், அவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தும், கூலிக்கு வழிகாட்டியாக அமர்த்தப்பட்டார். மதீனா வடக்கே இருக்க, தெற்கேயுள்ள ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பகலில் மக்காவில் நடப்பதைக் கேட்டு வந்து இரவில் சொல்ல ஓர் இளைஞர், பாலுக்கு ஆட்டு மந்தையோடு ஒருவர், உணவு கட்டிக் கொடுக்க அஸ்மா (ரலி) அவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது. அல்லாஹ்வின் உதவி நிச்சயம் என்று எவரைவிடவும் உறுதியாக அறிந்திருந்த தூதரின் பயணம் இது.

பிறகு ஹஜ்ஜின் நடையைக் கணக்கிட்டோம். ஸஃபா, மர்வா இடையே ஏழு முறை செல்வது 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மக்காவிலிருந்து மினா சுமார் 8 கிலோமீட்டர். ஹரமிலிருந்து அரஃபா சுமார் 20 கிலோமீட்டர். அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா சுமார் 9 கிலோமீட்டர். பேருந்து உண்டு; 2010இல் தொடங்கிய மெட்ரோ ரயிலும் உண்டு. ஆயினும் கூடாரத்திலிருந்து நிலையத்துக்கும், கல்லெறியும் இடத்துக்கும், ஹரமுக்கும் கால்கள்தாம் கொண்டு செல்ல வேண்டும். ஒரு நாள் நடந்தவர் மறுநாளும் நடக்க வேண்டும் என்பதில்தான் சிரமம்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஹஜ்ஜின்போது ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அந்த ஹஜ்ஜில் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் மன்னிப்பருள்வானாக. அடுத்த ஆண்டு, அரஃபா நாளில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கூடாரங்களுக்குள்ளேயே இருக்குமாறு சவூதி ஹஜ் அமைச்சகம் கேட்டுக்கொண்டது. ஹஜ் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னகர்ந்தாலும் வெயில் இன்னும் நம்மைவிட்டு விலகிவிடவில்லை.

எனவே நடந்து பழகத் தொடங்கினோம். எங்களில் ஒருவருக்கு ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. வாரந்தோறும் தூங்கும் நேரமே மாறும்போது நடக்கும் நேரத்தை எப்படி நிலைநிறுத்துவது? கடிகாரத்தை விட்டுவிட்டுத் தொழுகையைப் பிடித்துக்கொண்டோம். காலை ஷிப்ட் வாரத்தில் இஷாவுக்குப் பின் நடை. மற்ற வாரங்களில் ஃபஜ்ருக்குப் பின். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி வீட்டுக்கு நடந்து வருவார்.

முதல் இரண்டு மாதம் நகரின் உள்தெருக்களில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். மூன்றாம் மாதம் முதல் விடுமுறை நாள்களில் மட்டும் நெடுநடை. போகும்போது நடந்து சென்று, திரும்பும்போது மின்சார ரயிலில் வருவது எங்கள் முறை. முதலில் சிங்கப்பெருமாள் கோவில் வரை. அது பழகியபின் பரனூர். ஆறாம் மாதத்தில் செங்கல்பட்டு. இது அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா செல்லும் தொலைவுக்குக் குறைந்ததன்று. ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் ஓய்வதில்லை; ஆகவே எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஓரமாக, வெளிச்சம் வந்தபின் மட்டுமே நடந்தோம். நெடுநடைக்கு மறுநாள் ஓய்வெடுக்காமல் சிறிது தூரமாவது நடந்தோம். மினாவில் மறுநாள் ஓய்வு கிடைக்காதல்லவா?

இந்த ஆறு மாதங்களில் கற்றவற்றை, செல்லவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

புதுச் செருப்போடு விமானம் ஏறாதீர்கள். இஹ்ராமில் ஆண்கள் கணுக்காலை மறைக்காத செருப்பைத்தான் அணிய வேண்டும். அங்கே அணியப்போகும் அதே செருப்பை இங்கேயே மூன்று மாதம் போட்டு நடந்துவிடுங்கள். எங்கே உராய்கிறது, எங்கே கொப்புளம் வருகிறது என்பது வீட்டுக்கருகில் தெரிவது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் வலியே தெரியாமல் புண் உண்டாகலாம். அவர்களுடைய உள்ளங்காலை இரவுதோறும் மற்றொருவர் பார்க்க வேண்டும். இஹ்ராம் உடையில் நடக்கும் ஆண்களுக்குத் தொடைகள் உராய்ந்து புண்ணாகும். வெட்கத்தால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மணமில்லாத வாசலின் போதும்.

நம் ஊர் வெயிலில் சட்டை நனைந்துவிடும். நீர் இழப்பது தெரியும். மக்காவின் வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடித்துப் பழகுங்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் தொடர்பான மருந்து உட்கொள்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துகளைச் சீட்டோடு இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மாநில ஹஜ் குழுவின் பயிற்சி முகாமுக்கும் தடுப்பூசிக்கும் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்தே செல்லுங்கள். ஒருவர் கேட்டு வந்து மற்றவர்க்குச் சொன்னால் பாதி விடுபட்டுவிடும்.

இனி அம்மாவின் கேள்வி. அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. மூன்று நிகழ்ச்சிகளைப் படித்துக் காட்டினோம்.

முதியவர் ஒருவர் தம் இரு மகன்களின் தோள்களில் கைபோட்டுத் தள்ளாடி வந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். கஅபாவுக்கு நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருப்பதாகச் சொல்லப்பட்டது. இவர் தம்மைத் தாமே வேதனை செய்துகொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறும்படி பணித்தார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல்நலமில்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடி தவாஃப் செய்யச் சொன்னார்கள். கனத்த உடலும் மெதுவான நடையும் கொண்ட ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்ட நெரிசலுக்கு முன்பாக முஸ்தலிஃபாவிலிருந்து இரவிலேயே புறப்பட அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம அன்னைமார்களே வாகனத்துல தவாஃப் செஞ்சிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தாமாகவே முழங்கால் மருத்துவரிடம் போகலாம் என்றார். இப்போது மருத்துவர் சொன்ன பயிற்சிகளைச் செய்து, அஸருக்குப் பின் தெருவில் இருபது நிமிடம் நடக்கிறார். தவாஃபுக்கும் ஸஃயுக்கும் சக்கர நாற்காலி என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டார். கூட்டம் மிகுந்த நேரத்தில் அவருக்காக நாங்கள் கல்லெறியலாம் என்ற மார்க்கச் சலுகையையும் கேட்டறிந்துகொண்டோம். தள்ளும் முறையைக் கற்க, தெரிந்தவரிடம் நாற்காலியை இரவல் வாங்கி, அம்மாவை அமர வைத்து எங்கள் தெருவின் ஏற்ற இறக்கத்தில் தள்ளிப் பார்த்தோம். சுற்றியிருந்த பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்கு முதல் நாள் கூச்சம். இரண்டாம் நாள், "மெதுவா தள்ளுங்கப்பா" என்று அதிகாரம்.

கூஃபாவிலிருந்து மக்கா வரையான பாலைவழி இன்றும் ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையாரின் பெயரால் அழைக்கப்படுகிறது. முகம் தெரியாத ஹாஜிகளுக்காக அவ்வழியில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைய அவர் வாரி வழங்கினார். பயண ஆயத்தம் என்பது நம் பைக்குள் அடைப்பது மட்டுமன்று, உடன் வருபவரின் தாகத்தையும் தளர்ச்சியையும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது என்பதை அந்தப் பாதையிலிருந்து கற்கிறோம். குழுவில் துணையில்லாத முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவருக்கும் சேர்த்தே ஒரு தண்ணீர்ப் புட்டியும் குடையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

கடன் பட்டியலை எழுதி முடித்துவிட்டோம். கொடுக்க வேண்டியவற்றில் இன்னும் இரண்டு பாக்கி. வஸிய்யத் எழுதியாயிற்று. உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்கும் வேலை தொடர்கிறது. நடப்பதைவிட இது கடினம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இவ்வாண்டு பெயர் வராத குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹஜ் செல்ல எண்ணமிருந்தால் பணத்தோடு உடலையும் இப்போதிருந்தே சேமியுங்கள். பைக்கை வீட்டில் விட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்து செல்லுங்கள். கால்கள் வலுவாக இருக்கும் வயதிலேயே விண்ணப்பியுங்கள். பெற்றோரை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்காதீர்கள்.

யா அல்லாஹ், நடந்து வருபவர்களையும் தள்ளிக்கொண்டு வரப்படுபவர்களையும் உன் இல்லத்தில் ஒன்றாக ஏற்றுக்கொள்வாயாக. எங்கள் மூவரின் ஹஜ்ஜையும் மப்ரூரான ஹஜ்ஜாக ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.