மஞ்சள் பையும் நாங்கள் இருவரும்

பிள்ளைகள் வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு வீட்டில் மிச்சம் இருப்பது என்ன என்று எப்போதாவது கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய குக்கர் ஒன்று, பெரிய இட்டிலிப் பானை ஒன்று, பன்னிரண்டு தட்டு, இத்தனையையும் வைத்துக்கொண்டு விழிக்கும் இரண்டே பேர்! கால் படி அரிசி உலையில் போட்டால் இரவுக்கும் மிஞ்சுகிறது. கால் கிலோ கத்திரிக்காய் இரண்டு நாள் வருகிறது. "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் "ஏதாவது வையேன்" என்று பதில் வருகிறது. இந்த "ஏதாவது" இருக்கிறதே, அதைப்போலப் பொல்லாத காய்கறி உலகத்தில் கிடையாது, சகோதரிகளே! எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது.

நாங்கள் மதுரைக்காரர்கள். என் கணவர் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்கெழுதிவிட்டு 2021-ஆம் வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றார். மகன் பெங்களூரில், மகள் புருஷனோடு கோயம்புத்தூரில். முதல் மாதம் இவர் பகலில் வீட்டில் இருந்தது எனக்கு விருந்தாளி வந்தமாதிரி இருந்தது. இரண்டாவது மாதம், வந்த விருந்தாளி ஊருக்குப் போக மறந்தமாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் பேச்சே குறைந்துவிட்டது.

சண்டை இல்லை, கோபம் இல்லை. பேசுவதற்கு விஷயம்தான் இல்லை. காலையில் பத்திரிகை, மாலையில் டெலிவிஷன், நடுவே "காப்பி ஆச்சா?", "மாத்திரை போட்டீங்களா?" இவ்வளவுதான். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் படிப்பு, ஜுரம், கல்யாணம் என்று அவர்களைப் பற்றியே பேசிப் பழகிய இரண்டு பேருக்கு, அவர்கள் இல்லாத வீட்டில் வாய் அடைத்துப்போயிற்று. இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் தனித்தனியாக வயதாகிக்கொண்டிருப்பது சாமானியமான துயரம் அல்ல. அது வெளியே தெரியாது. அதனால் யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் டாக்டர், "சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்" என்று இவரிடம் சொல்லிவிட்டார். கணக்கெழுதியவர் இல்லையா? "காரியம் இல்லாம எதுக்கு நடக்கிறது? எங்கே போறோம்னு தெரிய வேண்டாமா?" என்றார். நான் அலமாரியிலிருந்து கல்யாண வீட்டு மஞ்சள் பை ஒன்றை எடுத்து நீட்டினேன். "உழவர் சந்தைவரைக்கும் போயிட்டு வாங்க." பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிஞ்சு எது, முத்தல் எதுன்னு எனக்கென்ன தெரியும்? நீயும் வா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் பிறந்தது. 1999 நவம்பர் 14-ந் தேதி அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். விளைவித்தவரே கொண்டுவந்து விற்க வேண்டும். இடைத்தரகர் நுழையாதபடி விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு. அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த மார்க்கெட்டில் கிடைப்பதைவிட விவசாயிக்குக் கொஞ்சம் கூட. கடையில் கொடுப்பதைவிட நமக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேருக்கும் லாபமான கணக்கு இது என்று இவர் முதல் நாளே ஒப்புக்கொண்டார்.

ஆனால், விலையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது காய்களின் முகம்தான். முதல் நாள் சாயங்காலம் பறித்த கத்திரிக்காயின் காம்பில் முள் குத்தும். அவரைக்காயை வளைத்தால் 'படக்'கென்று ஒடியும். கீரைக் கட்டின் வேரில் ஈரமண் உதிராமல் இருக்கும். வெண்டைக்காயை மட்டும் நுனி ஒடித்துப் பார்க்காதீர்கள். நாம் ஒடித்துப் போட்டதை வேறு யார் வாங்குவார்கள்? விரலால் தடவிப் பார்த்தாலே பிஞ்சா முத்தலா என்று சொல்லிவிடலாம். இதை இவருக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது எனக்கே பாடம் நடத்துகிறார்!

இவருக்கு ஒரு பழக்கம். யாரிடம் எதை வாங்கினாலும், "எந்த ஊருங்க?" என்று கேட்டுவிடுவார். வீட்டுக்கு வந்ததும் பழைய டயரி ஒன்றில் குறித்துவைப்பார். முருங்கைக்காய் உசிலம்பட்டிப் பக்கம், தக்காளி வாடிப்பட்டி, தண்டுக்கீரை மேலூர், வெற்றிலை சோழவந்தான். மூன்று மாதத்தில் டயரியில் எங்கள் மாவட்டமே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டு முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இத்தனை வருஷமா சோழவந்தான் வெத்தலை போடறேன். சோழவந்தானைப் பார்த்ததில்லையே!" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ரயிலில் இருந்தோம்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பாதையில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் சோழவந்தான். வைகைக் கரையில் தென்னந்தோப்பும் வயலும் கொடிக்காலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். கொடிக்காலுக்குள் குனிந்து நுழைந்ததும் வெயில் வெளியே நின்றுவிடுகிறது. முதலில் அகத்தியை விதைத்து வளர்க்கிறார்கள். அது ஆளுயரம் வந்தபிறகு வெற்றிலைக் கொடியை அதன்மேல் ஏற்றிக் கட்டுகிறார்கள். கொடிக்கு அகத்தியே கொம்பு, அகத்தியே குடை. இந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்காலில் வேலையாக இருந்த பெரியவர், "வெயில் கூடினாலும் கருகும், தண்ணி கூடினாலும் அழுகும். புள்ளைத்தாச்சியப் பாத்துக்கற மாதிரிம்மா" என்று சொல்லிவிட்டு, கை நிறைய அகத்திக்கீரை ஒடித்துக் கொடுத்தார். அன்றிரவு அதைப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டினேன். கீரையை ஆய்ந்து கொடுத்தவர் யார் தெரியுமா? கல்யாணமான நாளாகக் காப்பித் தம்ளரைக்கூட நகர்த்திவைக்காத என் கணவர்தான்! ஆய்ந்துகொண்டே, வழியில் பார்த்ததையெல்லாம் திரும்ப எனக்கே சொன்னார். நானும் பார்க்காதவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு பிரயாணம் என்று ஏற்பாடாயிற்று. சித்திரையில் பனங்காட்டுப் பக்கம் போய் நுங்கும் பதநீரும். பதநீர் புளித்துக் கள்ளாகாமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தோம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால் அந்த ஓலை வாசனைக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பிரயாணம் சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயமா, பிரியமா என்று நான் கேட்கவில்லை. மேலே மர நிழலில் காப்பியும் மிளகும், அவற்றோடு சேர்ந்து மலைவாழையும் வளர்கின்றன. தோட்டத்திலிருந்து சுமையை ரோட்டுக்குக் கொண்டுவருவதற்கு இங்கே குதிரைகள்! மலைவாழைப் பழத்தின் தோல் சுருங்கிக் கறுத்துவிடும். தெரியாதவர்கள் கெட்டுப்போயிற்று என்று நினைப்பார்கள். அப்போதுதான் அது தேனாக இருக்கும். நீர்ச்சத்துக் குறைவான பழமாதலால் சீக்கிரம் அழுகாது. இதன் உறவான விருப்பாட்சிப் பழத்தில்தான் பழனிப் பஞ்சாமிர்தம் செய்துவந்தார்கள். இரண்டு பழங்களுக்குமே 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

ஆனால், ஒரு காலத்தில் இந்த வாழையே இல்லாமல் போயிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1970-களில் முடிக்கொத்து நோய் என்று ஒன்று பரவிற்று. அசுவினிப் பூச்சி சுமந்துவரும் வைரஸ் அது. இலையெல்லாம் உச்சியில் குத்துக் குத்தாகக் கூடிக்கொள்ளும். மரம் குலை தள்ளாது. மலை மலையாக வாழை அழிந்தது. பின்னால் வேளாண்மை விஞ்ஞானிகள் நோயில்லாத கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கி மறுபடி மலை ஏற்றினார்கள். இவ்வளவும் கேட்டபிறகு அந்தப் பழத்தை உரிக்கும்போது கைக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. சர்க்கரைக்காரருக்கு ஒரே ஒரு பழம்தான் என்பது எங்கள் ஒப்பந்தம். எண்ணிக்கொண்டிருப்பது என் வேலை.

எல்லாம் இப்படியே போய்க்கொண்டிருந்தபோது 2024 ஐப்பசிக் கடைசியில், நல்ல மழை நாளில், இவர் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. பழைய மௌனம் திரும்பிவிடுமோ என்றுதான் எனக்கு முதல் பயம். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிய பயம்கூட அதற்கு அப்புறம்தான்.

நான் மட்டும் சந்தைக்குப் போனேன். மேலூர்ப் பக்கத்துக் கீரைக்காரப் பெண், "சாரை எங்கேக்கா காணோம்?" என்றாள். சொன்னேன். மறுநாள் காசு வாங்காமல் ஒரு கட்டு முடக்கத்தான் கீரையைப் பையில் போட்டு, "தோசை மாவுல அரைச்சு ஊத்துங்க. சாரை நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். வீட்டுக்கு வந்தால் இவர் கட்டிலிலிருந்தபடியே விசாரணை செய்வார். பலகையில் என்ன விலை? வாடிப்பட்டித் தக்காளி வந்ததா? மொச்சை தலைகாட்டிற்றா? பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். நடக்க முடியாதவர் வீட்டில் பேச்சு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

அதே சமயத்தில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு கவலை வந்தது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி சுற்றுவட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டாயிற்று என்று அந்த நவம்பரில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று 2022-ல் அரசு அறிவித்த ஊர். "நிலம் போனா நான் எங்கேக்கா கீரை போடறது?" என்றாள் அவள். அன்று முதல் இவர் பத்திரிகையில் அந்தச் செய்தியைத்தான் முதலில் தேடுவார். 2025 ஜனவரி 7-ந் தேதி மேலூர் வட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குத் திரண்டுவந்தார்கள். அந்த மாதம் 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மறுநாள் சந்தையில் அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

கால் சரியானபின் எங்கள் முதல் பிரயாணம் எங்கே என்று சொல்ல வேண்டுமா? மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் கைத்தடியோடும் நான் புளியோதரைப் பொட்டலத்தோடும் அரிட்டாபட்டிக்குப் போனோம். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கைகள், குன்றுகளைச் சுற்றிக் கண்மாய்கள், மேலே வட்டமிடும் வல்லூறு. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "இந்தத் தண்ணிதான் நம்ம வீட்டுக் கீரை" என்றார் இவர். கணக்கெழுதியவர் வாயிலிருந்து வந்ததில் நான் கேட்ட மிகச் சரியான கணக்கு அதுதான்.

உங்களில் பலர், "நமக்கு நேரம் ஏது, பணம் ஏது?" என்று கேட்கக்கூடும். எங்கள் செலவைச் சொல்கிறேன். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆகையால் டவுன் பஸ் எட்டும் ஊர்களுக்கு நான் இலவசம், இவருக்குத்தான் காசு. "உன்னைக் கூட்டிட்டுப் போனா லாபம்தான்" என்று கேலி செய்வார். சாப்பாடு வீட்டிலிருந்து, புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் மூன்றும் பிரயாணத்துக்கென்றே பிறந்தவை. தண்ணீர் செம்பு, ஒரு பழைய துண்டு, இரண்டு துணிப்பை. சூரியன் சாய்வதற்குள் திரும்பிவிடுவது. விளைவித்தவரிடம் நேரே வாங்கும்போது பேரம் பேசுவதில்லை. வாங்கிவந்ததை அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துவிடுவது. இந்தக் கடைசி விதி மிக முக்கியம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் இதைச் செய்யலாம். வாழை எப்படிக் குலை தள்ளுகிறது என்று பார்த்த குழந்தை, தட்டில் வாழைத்தண்டுக் கூட்டை ஒதுக்கிவைக்கக் கொஞ்சம் யோசிக்கும்.

அடுத்த தடவை காய்கறி வாங்கும்போது, "இது எந்த ஊருங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே. விற்பவர் முகம் மலர்ந்து ஊர்ப் பெயரைச் சொல்வார். வீட்டுக்கு வந்து அதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அந்த ஊருக்கு எப்படியும் ஒரு பஸ் இருக்கும்.