நீராவிக் கதைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நூல் தேடித் தருவது எளிய செயலன்று. படக்கதைகளின் பருவம் கடந்துவிடுகிறது. 'பொன்னியின் செல்வன்' போன்ற பெருநூலைத் தமிழில் படித்துச் செல்லும் வேகம் இன்னும் கைவரவில்லை. பள்ளியில் பயில்வனவோ ஆங்கிலமும் இந்தியும். இந்நிலையில்தான் எங்கள் மகள் தனக்கு 'ஸ்டீம்பங்க்' கதைகள் வேண்டும் என்று கேட்டாள். நாங்களும் தேடத் தொடங்கினோம்.

இந்தப் பெயர் பிறந்தது 1987-இல். அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர், தாமும் தம் நண்பர்களும் எழுதிவந்த கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று 'லோகஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. நீராவியும் பற்சக்கரமும் கோலோச்சிய பத்தொன்பதாம் நூற்றாண்டு, மின்சாரத்துக்கும் பெட்ரோலுக்கும் இடம் தராமல் அப்படியே வளர்ந்திருந்தால் உலகம் எவ்வாறு இருந்திருக்கும் என்னும் கற்பனையே இக்கதைகளின் வேர். ஆகாயக் கப்பல்கள் மிதக்கும். பித்தளை மனிதர்கள் நடப்பார்கள். எங்கு நோக்கினும் புகை.

பெயர் புதிதாயினும் பொருள் பழையது. பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வெர்ன் இதற்கு முன்னோடி. அவருடைய 'நாட்டிலஸ்' நீர்மூழ்கி மின்சாரத்தால் ஓடுவதுதான். ஆனாலும் இக்கதை மரபினர் அதைத் தங்கள் குலமுதல்வராகவே கொண்டாடுகின்றனர். அதன் தலைவன் நீமோ யார் என்பதை 1875-இல் முற்றுப்பெற்ற 'மர்மத் தீவு' நூலில்தான் வெர்ன் வெளிப்படுத்தினார். அவன் புந்தேல்கண்ட் அரசகுமாரன் தக்கார். 1857 எழுச்சியில் போரிட்டவன். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்?

நூல்களைத் தேடி நாங்கள் சென்ற இடம் தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை. நடைபாதையில் நடந்துவந்த அச்சந்தை 2019-இல் ஆசஃப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட்டுக்கு மாற்றப்பட்டது. அங்கே கடைக்காரரிடம் 'ஸ்டீம்பங்க்' என்று சொல்லிப் பயனில்லை. குவியலைக் கிளறி, அட்டைப் படத்தைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை: பற்சக்கரம் வரைந்த அட்டையெல்லாம் சிறுவர் நூலாகிவிடாது. கிப்சனும் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து 1990-இல் எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' இத்துறையில் பெரும்புகழ் பெற்றது. எனினும் அது பெரியவர்களுக்கு உரியது.

படிக்கத் தயங்கும் பிள்ளைக்கு முதலில் தரத்தக்கது பிரையன் செல்ஸ்னிக்கின் 'தி இன்வென்ஷன் ஆஃப் ஹியூகோ காப்ரே' (2007). ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூல் என்று அஞ்ச வேண்டா; பாதிக்கு மேல் பென்சில் சித்திரங்களே. பாரிஸ் நகரத்து ரயில் நிலையத்தில் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்து ஒளிந்து வாழும் அநாதைச் சிறுவனும், எழுதக்கூடிய ஓர் இயந்திர பொம்மையும்தான் கதை. கண்டிப்பாகப் பார்த்தால் இது நீராவிக் கதை அன்று, கடிகாரக் கதை. ஆனால் நுழைவாயிலுக்கு இதனினும் நல்லது வேறில்லை. அடுத்து ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'லெவியத்தான்' (2009). 1914-ஆம் ஆண்டுப் போரில் ஒரு தரப்பு இரும்பு இயந்திரங்களோடும், மறுதரப்பு வளர்த்தெடுத்த விந்தை விலங்குகளோடும் மோதுகின்றன. ஆண் வேடமிட்டு வான்படையில் சேரும் டெரின் என்னும் பெண்ணை எங்கள் மகள் இன்னும் மறக்கவில்லை. பிலிப் ரீவின் 'லார்க்லைட்' (2006) சிரிக்க வைப்பது. அவரே 2001-இல் எழுதிய 'மோர்ட்டல் எஞ்சின்ஸ்' கொஞ்சம் கடுமையானது. குருதியும் சாவும் மிகுதி. பதின்மூன்று வயதுக்கு முன் அதனைத் தர எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் ஆங்கிலத்தில் படித்ததை இரவில் தாத்தாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தாத்தா விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாகப் பணியாற்றியவர்; மீட்டர்கேஜ் ஒய்.பி. எஞ்சின்களுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஆங்கில நாவல் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் பாய்லரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆகாயக் கப்பலின் கொதிகலன் வெடித்த இடத்தைப் பேத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார். கேஜ் கிளாஸில் தண்ணீர் இறங்குவதை எவரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். தண்ணீர் அளவுக்குக் கீழே போனால் நெருப்புப் பெட்டியின் கூரையிலுள்ள ஈயத் திருகு உருகிவிடும். நீராவி இறங்கி நெருப்பை அவிக்கும். எஞ்சின் நடுவழியில் நிற்கும். ஓட்டியவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்றார். 'ரிவிட்' என்பதற்குத் தமிழ் என்ன என்று பேத்தி கேட்டாள். அகராதியைப் புரட்டித் 'தறையாணி' என்று நாங்கள் சொன்னோம். "ஷெட்ல நாங்க ரிவிட்டுன்னுதாம்மா சொல்லுவோம்" என்று தாத்தா சிரித்தார். இரண்டு சொல்லையும் அவள் எழுதிக்கொண்டாள்.

மற்றோர் இரவு அவர் கேட்ட கேள்விதான் எங்களைச் சிந்திக்க வைத்தது. "எல்லாரும் மேல்தட்டுல நின்னு சண்டை போடறாங்க. கீழ கரி போடறவன் யாரு? அவன் பேர் என்ன?"

அக்கேள்வியோடு மறுபடி நூல்களைப் புரட்டினால் பல நூல்களில் விடையே இல்லை. புகைபோக்கிகளின் அழகைப் பக்கம் பக்கமாக வருணிப்பவர்கள், அந்த இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து சென்றது என்று ஒரு வரி எழுதுவதில்லை. வெர்ன் 1880-இல் எழுதிய 'நீராவி வீடு' முழுக்க முழுக்க இந்தியாவில் நடப்பது. கல்கத்தாவிலிருந்து ஒரு நீராவி யானை, சக்கரம் பூட்டிய இரு வீடுகளை இழுத்துக்கொண்டு வடக்கே செல்கிறது. அற்புதமான கற்பனை. ஆனால் அந்த யானையை ஓட்டுபவர் ஆங்கிலேயர், கரி போடுபவர் இந்தியர். நானா சாகிப் அதில் கொடியவர். நீமோவைப் படைத்த அதே கைதான் இதையும் எழுதியது. இந்நூலைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. உடனிருந்து படித்தால் போதும்.

தாத்தாவின் கேள்விக்கு ஓரளவு விடை தருவது, நாங்கள் கடுமையானது என்று தள்ளிவைத்த 'மோர்ட்டல் எஞ்சின்ஸ்'தான். அதில் லண்டன் மாநகரமே சக்கரத்தில் ஓடிச் சிற்றூர்களை விழுங்குகிறது. மேலடுக்கில் செல்வர், அடியில், நகரின் குடல் என்னும் பகுதியில், கைதிகள் உழைத்து மாய்கின்றனர். நூலுக்குச் சோர்ந்த பிள்ளைகளுக்கு மியாசாகியின் 'லப்யூட்டா' (1986) திரைப்படத்தைக் காட்டலாம். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்தை ஒட்டி வேல்ஸ் நாட்டுக்குச் சென்றுவந்தவர் அவர். படத்தின் சுரங்க ஊரில் அந்த மக்களின் சாயல் தெரிகிறது.

இத்தேடலில் எங்களை மிகவும் மகிழ்வித்த நூல் சென்னையோடு தொடர்புடையது. வங்கப் பெண்மணி ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் முதன்முதல் அச்சேறியது. அதில் பெண்கள் ஆளும் நாட்டில் ஆகாய ஊர்தி பறக்கிறது. மேகத்து நீரைப் பலூனால் இறக்குகிறார்கள். வெயிலைச் சேர்த்துவைத்துச் சமைக்கிறார்கள். அடுக்களையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. கரி போடுபவன் யார் என்ற கேள்வியே அந்நாட்டில் எழாது! ஒரே மூச்சில் படித்து முடிக்கத்தக்க சிறுகதை அது. சென்னை தாரா பதிப்பகம் கோண்டு ஓவியர் துர்காபாயின் சித்திரங்களோடு 2005-இல் அதனை அழகுற வெளியிட்டது.

தமிழில் இளையோருக்கென எழுதப்பட்ட இவ்வகைக் கதைகள் அரிது. கதைக்கான பொருளுக்கோ பஞ்சமில்லை. 1899 முதல் மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தால் மலையேறும் ரயில் நம்முடையது; அதற்குப் புதிய நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் கட்டித் தந்தது திருச்சி பொன்மலைப் பணிமனை. இங்கே சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்திலோ பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள நீராவி எஞ்சின் நிற்கிறது. 1907-இல் ஓடத் தொடங்கிய தடம் அது. பாரத்தின் பெரும்பகுதி ஒரே தண்டவாளத்தில். சாயாமல் இருக்கப் பக்கத்தில் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம். எந்தக் கதாசிரியரும் இப்படி ஒன்றைக் கற்பனை செய்யத் தயங்குவார். தாத்தா அதனை இருமுறை சுற்றிவந்து, "இதுக்கு ஃபயர்மேன் எங்க நின்னிருப்பான்?" என்றார். மகள் இப்போது அதைத்தான் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஃபயர்மேனுக்கு விழுப்புரம் ஊர்.

மேலே குறித்த நூல்களுள் 'லார்க்லைட்' நீங்கலாக மற்றவை எங்கள் வீட்டில் உள்ளன. அதனை நண்பர் ஒருவர் இரவல் கொண்டுபோனார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார் போலும். ஏனையவற்றைச் சங்கத்து அன்பர்கள் பிள்ளைகளோடு வந்து தாராளமாக எடுத்துச் செல்லலாம். தாத்தாவிடம் கதையைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த நூலை எடுக்க வேண்டும்.