மூக்கைத் தூக்கின கதை

எங்க வீட்டுல எனக்கு முன்னாடியே ஒரு 'அண்ணன்' இருக்காரு. 1986 மாடல் மஹிந்திரா ஜீப் பிக்கப்! அப்பாரு வாங்கினது. பெட்ரோல் குடிச்சே சொத்தைக் கரைக்குதுன்னு அவரே டீசல் இன்ஜினுக்கு மாத்தி, ஆர்.சி.யிலயும் ஏத்திட்டாரு. அப்புறம் அப்பா கைக்கு வந்துச்சு. அப்பா கட்டிங் மாஸ்டர். சொந்தமா சின்னதா ஒரு யூனிட். காலையில துணி ரோல் ஏத்தி வரணும், சாயங்காலம் பனியன் பண்டலைக் காதர்பேட்டை கடைகளுக்கு இறக்கணும். அண்ணன் இல்லேன்னா அன்னிக்கு வேலை இல்லை.

காதர்பேட்டை வந்திருக்கீங்களா? திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே வந்துடலாம். ரெண்டு பக்கமும் பனியன் கடை, நடுவுல பண்டல், மிச்சமிருக்கற இடத்துல மனுஷங்க. அந்தச் சந்துல ஜீப்போட போய் நின்னா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கற பையனுக்கு அது போதாதா?

ஆனா எனக்கு ஒரு குறை. வண்டி நிக்கறப்போ முன்னாடி குனிஞ்சிருக்கும், பின்னாடி தூக்கிட்டு நிக்கும். "டேய்... உங்க வண்டி எல்லாருக்கும் வணக்கம் வெக்குதுடா"ன்னு ஃப்ரெண்ட்ஸ் கலாய்ச்சாங்க. மூக்கு குனிய நானும் ஒரு காரணம்கறது அப்போ உறைக்கலை. பழைய இரும்புக் கடையில ஒரு கனத்த புல் பார் வாங்கி மாட்டியிருந்தேன். (2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதெல்லாம் கூடாதுன்னு சொல்லிடுச்சு. எங்க காதுல விழுந்தாத்தானே!)

ஜீப் முன்பக்கம் இருக்கறது லீஃப் ஸ்பிரிங். நம்ம ஊர் வில்லு வண்டியில இருக்குமே, அதே வில்லுதான். பட்டை மேல பட்டை அடுக்கி, நடுவுல சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால ஆக்ஸிலோட கட்டியிருப்பாங்க. ஒரு முனை சேஸிஸ்ல பின் போட்டு நிக்கும். இன்னொரு முனை ஷேக்கிள்ல ஊஞ்சலாடும். நான் என்ன பண்ணினேன்? வெல்டிங் பட்டறையில மூணு இஞ்ச் நீளமா ஷேக்கிள் அடிச்சு வாங்கினேன். ஆனா வண்டி ஒன்றரை இஞ்ச்தான் ஏறுச்சு. ஆக்ஸில் ஸ்பிரிங்கோட நடுவுல இருக்கறதால, முனையில கொடுக்கறதுல பாதிதான் உயரமா வரும். 'அட போங்கய்யா'ன்னு இன்னொரு பட்டையையும் சொருகினேன். ஏறுச்சு பாருங்க... சும்மா சிங்கம் மாதிரி! செல்ஃபி, ஸ்டேட்டஸ், ஒரே அலப்பறை.

ஓட்டினாத்தான் தெரிஞ்சுது. சின்னக் குழியில விழுந்தாலும் தலை கூரையில இடிச்சுது. காலியா போறப்போ ஸ்டீயரிங் அலைஞ்சுது, திருப்பினா தானா நேருக்கு வரலை. அப்பா ஒரே ஒரு தடவை சொன்னாரு: "லைட்டு ரொம்ப மேல அடிக்குது, பாரு கண்ணு." நான் பார்க்கலை.

தீபாவளிக்கு மூணு வாரம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், பின்னாடி முழு லோடு. பாரத்துல பின்பக்கம் அமுங்க, ஏற்கெனவே தூக்கின மூக்கு இன்னும் தூக்கிச்சு. ஹெட்லைட் மரத்துக் கிளையைத்தான் காட்டுச்சு. எதிர்ல மொபெட்ல ஒரு குடும்பம். எங்க லைட்டு கண்ணுல அடிச்சு, அவரு தடுமாறி நடு ரோட்டுக்கே வந்துட்டாரு. இடதுபக்கம் ஒடிச்சேன். முன்சக்கரம் குழியில குதிச்சு, வண்டி ஓரத்துப் பள்ளத்துல போய் நின்னுச்சு. மொபெட்காரங்களுக்கு ஒண்ணும் ஆகலை. அப்பாவோட இடது மணிக்கட்டு உடைஞ்சிருச்சு.

கட்டிங் மாஸ்டருக்கு வலது கையில மெஷின். துணி அடுக்கை அமுக்கிப் பிடிக்கறது இடது கை. சீஸன்ல அந்தக் கை கட்டுல. ஒரு வார்த்தை திட்டலைங்க அவரு. திட்டியிருக்கலாம்.

தாராபுரம் ரோட்டுல ஒரு ஸ்பிரிங் பட்டறை. வயசான பாய், அம்பது வருஷமா வில்லு அடிக்கறவரு. வண்டியைச் சுத்திப் பார்த்துட்டுக் கேட்டாரு:

"தம்பி, காலியா நிக்க வெச்சா அளந்தீங்க?"

"ஆமாங்க பாய்."

"வண்டி காலியாவா சம்பாதிக்குது?"

பிக்கப் பின்பக்கம் தூக்கி நிக்கறது பாரம் ஏறினா சமமாகறதுக்காகவாம். நான் குறைன்னு நினைச்சதுல பாதி குறையே இல்லை! ஸ்டீயரிங் அலைஞ்சதுக்கும் காரணம் சொன்னாரு. சைக்கிள் முன் ஃபோர்க் சாய்ஞ்சிருக்கில்ல? சைக்கிள் நேரா ஓடறதுக்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜீப் ஆக்ஸில்லயும் அந்தச் சாய்வு உண்டு, பேரு கேஸ்டர். எங்க வண்டியில ஷேக்கிள் ஸ்பிரிங்கோட முன்முனையில. அது நீளமாகவும் முன்முனை கீழே இறங்கி, ஆக்ஸிலோட தலை முன்னாடி சாய்ஞ்சு, கேஸ்டர் போயிடுச்சு.

வைத்தியம் ரெண்டு நாள். புல் பார் போச்சு. பழைய அளவு ஷேக்கிள் வந்துச்சு. பட்டைகளைப் பிரிச்சுக் கழுவினா ரெண்டாவது பட்டையில மயிரிழை மாதிரி விரிசல்! அதை மாத்திட்டு, தொய்ஞ்ச பட்டைகளைச் சம்மட்டியால அடிச்சு வளைவு எடுத்தாரு. யூ போல்ட் புதுசு. ஸ்பிரிங் பின்னையும் ஷேக்கிளையும் வண்டியைத் தரையில இறக்கின பிறகுதான் முழுசா முறுக்கினாரு. அந்தரத்துல முறுக்கினா புஷ் முறுக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியுமாம். நாலு நாள் ஓட்டிட்டு வந்து யூ போல்ட்டை மறுபடி டைட் வெக்கச் சொன்னாரு. நான் மூணாவது நாளே போய் நின்னேன்.

பின்னாடிதான் ஒரு வக்கீல் அண்ணன் சொன்னாரு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கறாரா சொல்லிடுச்சு. மொபெட்காரருக்கு ஏதாவது ஆகியிருந்தா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல என் ஷேக்கிளைத்தான் பார்த்திருப்பாங்க. நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

பட்டறையிலிருந்து வந்த அன்னிக்கே இருபது ரோல் துணி ஏத்தினேன். ரோலுக்கு இருபது கிலோன்னாலும் நானூறு கிலோ. சமதரையில நிறுத்தி, டயர்ல காத்து சரிபார்த்தேன். கட்டுப்போட்ட கையோட அப்பா இறங்கி வந்தாரு, கழுத்துல எப்பவும் தொங்கற கட்டிங் டேப்போட. சக்கரத்தோட நடுவுல நான் ஒரு முனையைப் பிடிக்க, மட்கார்டு விளிம்புல அவரு மறுமுனையை வெச்சாரு. இடது பக்கம் சரி. டிரைவர் பக்கம் ரெண்டு நூல் கம்மி. பட்டறைக்காரங்க பாஷையில ஒரு நூல்னா அரைக்கால் இஞ்ச். திருப்பூர்ல பிறந்துட்டு எனக்கு அதுவரைக்கும் தெரிஞ்ச நூல் வேற.

"ரெண்டு நூல்தானே, விட்டுடலாங்களாப்பா?"

அதுக்குள்ள தெருமுனையிலிருந்து ஃப்ரெண்ட் கத்தினான்: "என்னடா, சிங்கம் மறுபடி குனிஞ்சிருச்சு?"

அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "டேப்பை நேராப் பிடி கண்ணு, இன்னொருக்கா அளக்கலாம்"னாரு.